முப்பது வரை எண்ணியவன்

ஒரே மூச்சில் முப்பது வரை எண்ணினேன். நான் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. ஒன்று, இரண்டு என்று போனில் எண்ணினேன், அவ்வளவுதான். அதற்காக என் தம்பி மனைவி மூன்று மாதம் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது நியாயம்தான் என்று எனக்கே தெரிந்ததால் அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. எனக்குக் கோபம் வராமல் இருப்பது எவ்வளவு பெரிய அதிசயம் என்று என்னோடு குடும்பம் நடத்துகிறவளைக் கேட்டால் சொல்வாள்.

நானும் தம்பியும் லிப்ட் பராமரிப்பு வேலை செய்கிறோம். இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேர்தான் கம்பெனி. ஊரில் அறுபத்துச் சொச்சம் லிப்டுகளுக்குள், பட்டன்களுக்குப் பக்கத்தில், எங்கள் சர்வீஸ் போன் எண் ஒட்டியிருக்கும். லிப்ட் பாதி வழியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர் அந்த எண்ணை அழைப்பார். நான் வேனை ஓட்ட, தம்பி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டே வருவான். கட்டடத்துக்குப் போனதும் நான் மொட்டை மாடியில் உள்ள மெஷின் ரூமுக்கு ஓடுவேன். மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பெட்டியை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுவருவேன். கீழே தம்பி கதவைத் திறந்துவிடுவான். உள்ளே இருந்தவர் வெளியே வந்து அவன் கையைத்தான் பிடித்துக்கொள்வார். சக்கரம் சுற்றித் தோள் கழன்ற மகராசன் மேலே வியர்வையில் ஊறிக்கொண்டிருப்பது ஒருத்தருக்கும் தெரியாது.

அவனிடம் பேசுகிற பக்குவம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். “பயப்படாதீங்க, கூரையில ஓட்டை இருக்கு, காத்து வந்துட்டேதான் இருக்கும். உக்காந்துக்குங்க. என்ன வாங்கிட்டு வந்தீங்க, பையில என்ன இருக்கு?” என்று ஆரம்பித்தால் அழுகிறவர்கள் கூட இரண்டு நிமிஷத்தில் வாங்கி வந்த சாமான்களை அவனுக்கு ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது வராது. ஒரு தடவை அவன் இல்லாதபோது நான் எடுத்து, “கதவைத் தட்டாதீங்கய்யா, தட்டினா திறந்துருமா?” என்று கத்தி, உள்ளே இருந்த பெரியவருக்கு ரத்த அழுத்தம் ஏறி, பெரிய ரகளையாகிவிட்டது.

ஆனால் குரல் மட்டும் எங்கள் இருவருக்கும் அச்சு அசல் ஒன்று. எங்கள் அம்மாவே போனை எடுத்ததும் “டேய், எவன்டா பேசுறது?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் திட்ட ஆரம்பிப்பாள்.

போன வருஷம் தம்பிக்குத் தொண்டை கம்மியது. சளி என்றோம், மெஷின் ரூம் தூசி என்றோம். அவன் சர்வீஸுக்குப் போன மொட்டை மாடியில் எல்லாம் ஊதித் தள்ளிய சிகரெட்டை மட்டும் யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் போனபிறகு அவன் மனைவி, “இன்னைக்கு வரலைன்னா நான் சாப்பிட மாட்டேன்” என்று இழுத்துக்கொண்டு போனாள். மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். இடது குரல் நாணில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளை. சதையைக் கிள்ளிப் பரிசோதித்து, புற்றுநோய் என்றார்கள்.

டாக்டரம்மா நிதானமானவர். “வந்த இடம் ஒரு விதத்துல நல்ல இடம். குரல் உடனே காட்டிக் குடுத்துருச்சு, ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம். வாய் வழியாவே லேசர் விட்டு எடுத்துடலாம். கழுத்துல ஒரு கீறல் இருக்காது. பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு இதோட முடிஞ்சுரும்” என்றார்.

“அந்தப் பத்தாவது ஆளு, டாக்டர்?” என்று தம்பி மனைவி கேட்டாள்.

“அது யாருன்னு முன்னாடியே தெரியாதும்மா. அதுக்காகத்தான் எல்லாரையும் மாசா மாசம் வரச் சொல்றோம். குரல் தேறி வந்துட்டு மறுபடி கம்ம ஆரம்பிச்சா, தேதிக்காகக் காத்திருக்காதீங்க. அன்னைக்கே வந்துருங்க.”

இதை அவர் என் காதில் விழும்படியாகத்தான் சொன்னார்.

ஒரு நாள் காலையில் உள்ளே போனான், மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டு இல்லை, தையல் இல்லை. ஒரு கட்டடத்துச் செயலாளர் அவன் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, “ஆப்பரேஷன்னு சொன்னீங்க?” என்று ஏமாந்தவர் மாதிரி கேட்டார். “தழும்பு தனியா பார்சல்ல வருது சார்” என்றேன். தம்பி சத்தமில்லாமல் சிரித்தான். பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்பது உத்தரவு.

அந்தப் பத்து நாளில்தான் எங்கள் வேலை இடம் மாறியது. அவன் மேலே போய்ச் சக்கரம் சுற்றினான், நான் போனை எடுத்தேன். முதல் அழைப்பிலேயே நான் குரலை உயர்த்த, அவன் நோட்டில் எழுதி என் மூக்குக்கு நேரே நீட்டினான்: “கத்தாதே. பையில் என்ன இருக்குன்னு கேளு.” கேட்டேன். உள்ளே இருந்த பெண்மணி பால், ரொட்டி, பேரனுக்குக் கலர் பென்சில் என்று அடுக்கினார். கதவு திறந்ததும், “தம்பி, உங்க குரல் கேட்டதும்தான் போன உயிர் வந்துச்சு” என்றார். நான் அவர் நினைக்கிற தம்பி இல்லை, அவனுடைய அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பத்து நாள் முடிந்தும் போன் என் கையிலேயே இருந்தது. தம்பியின் குரல் கரகரப்பாக இருந்தது. அதைக் கேட்டால் மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் பயப்படுவார்கள் என்று அவனே சொன்னான். “தம்பிதானே பேசுறது?” என்று வாடிக்கையாளர்கள் கேட்டால், “ஆமாங்க, தம்பிதான்” என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கில் பழகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மாதமும் கேமரா வைத்துப் பார்த்துவிட்டு, நர்ஸ் அவனை ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். முதல் மாதம் ஒன்பது, அடுத்த மாதம் பதினாலு, மூன்றாம் மாதம் பதினெட்டு. பதினெட்டு வந்த அன்று தம்பி மனைவி ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

நான்காம் மாதம் போகவில்லை. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்டின் இரும்புக் கயிறுகளை மாற்றிக்கொண்டிருந்தோம். பெட்டியைத் தொங்கவிட்டுப் பாதியில் இறங்கிப் போகிற வேலை இல்லை அது. ஐந்தாம் மாதமும் போகவில்லை. அதற்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. “வலியே இல்லையே அண்ணே, அந்தக் கேமராவை மூக்குல விடும்போதுதான் உயிர் போகுது” என்றான். அவனுக்குப் பயம். அவன் பயந்தது எனக்கு வசதியாக இருந்தது, ஏனென்றால் எனக்கும் பயம். இத்தனைக்கும் அவன் குரல் மறுபடி கம்ம ஆரம்பித்திருந்தது. இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் தூசி என்று சொல்லிக்கொண்டோம்.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. வீட்டு எண்ணைக் கொடுத்தால் மனைவி பதறுவாள் என்று தம்பி ஆஸ்பத்திரியில் சர்வீஸ் போன் எண்ணைக் கொடுத்திருந்தான். எங்கள் சர்வீஸ் கடையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எடுத்தேன்.

“தொண்டைப் பிரிவுலேர்ந்து நர்ஸ் பேசுறேன். ரெண்டு தடவையா வரலையே, என்ன ஆச்சு? நீங்கதானே ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டவரு?”

“ஆமா சிஸ்டர்” என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ‘ஆமா’ பழக்கத்தில் வந்தது. தம்பியா என்று யார் கேட்டாலும் ஆமாம் என்று சொல்கிற வாய். ஆனால் அதற்குப் பிறகு வந்ததை எல்லாம் பழக்கத்தின் தலையில் கட்ட முடியாது.

“அட, குரல் பிரமாதமா வந்திருக்கே! எங்க, மூச்சு விடாம எண்ணுங்க பாப்போம்.”

எண்ணினேன். பதினெட்டில் நிறுத்தியிருக்கலாம். இருபதில் நிறுத்தியிருக்கலாம். எதிரே தம்பி சோற்றுக் கையோடு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. முப்பது வரை போய்த்தான் நின்றேன்.

“முப்பதா! அருமை. இங்க கூட்டம் தலைக்கு மேல இருக்கு, குரல் மோசமா இருக்கறவங்களைத்தான் முதல்ல பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத் தேதி போடுறேன். கண்டிப்பா வரணும்.”

போனை வைத்ததும் தம்பி, “முப்பதா அண்ணே? நான் இப்பப் பன்னெண்டைத் தாண்டுறதில்ல” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதோடு விட்டேனா? அந்த வாரமே தம்பி மனைவி என்னைத் தனியாகப் பிடித்தாள். “மாமா, அவர் குரல் மறுபடி கம்முது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னா வேலை வேலைங்கறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆஸ்பத்திரியிலேர்ந்தே போன் வந்துச்சும்மா. குரலைக் கேட்டுட்டு, நல்லா இருக்கு, ரெண்டு மாசம் கழிச்சு வந்தாப் போதும்னுட்டாங்க. நீ ஏன் வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்கிற?” அவள் முகம் தெளிந்தது. என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அவன் ஒன்பதுக்கு மேல் எண்ணவில்லை. டாக்டரம்மா கேமராவை விட்டு ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தார். சதையை எடுத்து அனுப்பினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு கேட்க மூன்று பேரும் போனோம். பத்தாவது ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா மேஜையில் பைலைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் அந்த நர்ஸ் நின்றார். “முன்பக்கம் ரெண்டு நாணும் சேர்ற இடத்துல வந்திருக்கு. குருத்தெலும்பைத் தொட்டிருக்கா இல்லையான்னு ஸ்கேன்ல தெளிவா இல்லை. எனக்கு ஒண்ணுதான் புரியலை. ரெண்டு மாசம் முன்னாடி போன்ல முப்பது வரைக்கும் எண்ணியிருக்கீங்கன்னு இங்க எழுதியிருக்கு. அப்படின்னா குரல் எப்போ கெட ஆரம்பிச்சுது?”

தம்பி தரையைப் பார்த்தான்.

“இது முக்கியம். அன்னைக்குக் குரல் சுத்தமா இருந்து, ரெண்டே மாசத்துல இந்த அளவுக்கு வந்திருக்குன்னா, இது வேகமா வளர்ற ரகம். அதுக்கு மறுபடி லேசரை நம்பி இறங்க எனக்குத் துணிச்சல் இல்லை. குரல்வளையையே எடுக்கறதைப் பத்தித்தான் பேசணும். கழுத்துல துளை வெச்சு அது வழியா மூச்சு விடணும். மெதுவா வந்ததுன்னா, வேற மாதிரி யோசிக்கலாம். சொல்லுங்க, எப்போலேர்ந்து?”

“இப்பத்தான் டாக்டர்,” என்றான் தம்பி. பாதி காற்றாகத்தான் வந்தது. “ரெண்டு மாசமாத்தான்.”

அடப்பாவி! மனைவி முன்னால் என் மானம் போகக் கூடாது என்று தன் குரல்வளையைத் தூக்கிக் கொடுக்கிறான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் ஏதாவது உளறிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

“என்னங்க சொல்றீங்க, அதுக்கு முன்னாடியே...” என்று தம்பி மனைவி ஆரம்பித்து, என் பக்கம் திரும்பினாள். “மாமா, ஆஸ்பத்திரியிலேர்ந்து இவர் குரலைக் கேட்டுட்டுத்தானே நல்லா இருக்குன்னாங்க?”

நான் வாயைத் திறந்தேன். லிப்டில் மாட்டிய அறுபது பேரைச் சமாதானப்படுத்திய வாய், ஒரு வாக்கியம் வரவில்லை. ‘அது நான்தான்’ என்று இரண்டே சொல். என்ன செய்வது என்று தெரியாமல் எண்ண ஆரம்பித்தேன்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு...”

எல்லோரும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள், நர்ஸைத் தவிர. அவர் தலையைச் சட்டென்று நிமிர்த்தினார். நான் பதினொன்றுக்கு வரும்போது அவர் முகம் வெளுத்துவிட்டது.

“இந்தக் குரல்தான் டாக்டர்,” என்றார். “அன்னைக்குப் பேசினது இவர்தான்.”

தம்பி மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. டாக்டரம்மா கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் பேனாவை எடுத்து அந்தப் பழைய வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு தம்பியிடம், “இப்போ உண்மையைச் சொல்லுங்க” என்றார்.

“நாலாம் மாசத்துலேர்ந்து, டாக்டர்.”

“அப்போ மெதுவாத்தான் வந்திருக்கு. இன்னொரு ஸ்கேன் எடுப்போம். குருத்தெலும்பைத் தொடலைன்னா மறுபடி லேசர்லயே எடுக்கப் பாக்கலாம். ஆனா இந்தத் தடவை முன்பக்கத்தையும் சேத்து நிறையவே எடுக்கணும். பழைய குரல் திரும்பாது.” பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: “அஞ்சாம் மாசமே இவரைப் பாத்திருந்தா இவ்ளோ எடுக்க வேண்டி வந்திருக்காது.”

வெளியே நடைபாதையில் தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

“ஒவ்வொரு நாளும் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பக்குனு இருக்கும் மாமா. நீங்க சொன்னதை நெனச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். என் காதை நம்பாம உங்களை நம்பினேன்” என்றாள். அதற்குப் பிறகுதான் அந்த மூன்று மாதம்.

நோய் குருத்தெலும்பைத் தொடவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. இரண்டாவது ஆப்பரேஷன் முதல் தடவையைப் போல் இல்லை. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான், தண்ணீர் குடித்தால் புரையேறியது, குனிந்து மெதுவாக விழுங்கப் பழக்கினார்கள். வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று முடிவு வந்தது. “இப்போதைக்குச் சுத்தம்” என்றார் டாக்டரம்மா. அந்த ‘இப்போதைக்கு’ எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி எங்களோடேயே உட்கார்ந்து சாப்பிடுகிறது.

தம்பி இப்போது நிரந்தரமாக மெஷின் ரூமில்தான். போன் என்னிடம். பையில் என்ன இருக்கிறது என்று நான்தான் கேட்கிறேன். கதவு திறந்ததும் “தம்பி, நல்லா இருப்பீங்க” என்று யாராவது சொன்னால், “நான் அண்ணங்க. தம்பி மேல சக்கரம் சுத்துறான், போய்ப் பாத்துட்டுப் போங்க” என்கிறேன். சில பேர் உண்மையாகவே படியேறிப் போகிறார்கள்.

நேற்று மதியம் கடையில் இருந்தோம். தம்பி மனைவி அவனுக்காகக் குழைய வடித்த சோறு கொண்டுவந்திருந்தாள், எனக்கும் சேர்த்துத்தான். என் தட்டை மட்டும் பேசாமல் நகர்த்தி வைப்பாள். போன் அடித்தது.

“தொண்டைப் பிரிவு. யார் பேசுறது?” அந்த நர்ஸ்தான். இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் கேட்கிறார்.

“அண்ணன் பேசுறேன் சிஸ்டர்.”

“பேஷண்ட்டைக் குடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. பக்கத்துல அவர் மனைவி இருக்காங்களா?”

“இருக்கேன் சிஸ்டர்” என்றாள் அவள்.

தம்பி கையைக் கழுவிக்கொண்டு வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தான். மூச்சை இழுத்தான். “ஒண்ணு... ரெண்டு...” லிப்ட் கதவு ஓடும் பள்ளத்தில் மணல் சிக்கினால் வருகிற சத்தம், அதுதான் இப்போது அவன் குரல். “அஞ்சு... ஆறு...” கழுத்து நரம்பு புடைத்தது. “ஏழு.” வாய் எட்டுக்குக் குவிந்து நின்றது. சத்தம் வரவில்லை.

அந்த எட்டு என் நாக்கில் வந்து நின்றது. நிஜமாகவே வந்துவிட்டது. நான் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். அவன் திணறுகிறான், என் நெஞ்சு நிறைய மூச்சு இருக்கிறது, முப்பது வரைக்கும் போதுமான மூச்சு, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போது தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு நேராக முகத்தைப் பார்த்தாள்.

“கையை எடுங்க மாமா,” என்றாள். “நீங்க சொல்ல மாட்டீங்க.”

கையை எடுத்தேன். நான் சொல்லவில்லை. தம்பி தலையை ஆட்டினான், இனி வராது என்று.

“ஏழுன்னு எழுதிக்கிறேன்,” என்றார் நர்ஸ். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “போன மாசமும் ஏழுதான். குறையலை.”